2012 டிசம்பர் 21: மாயன்கள் உண்மையில் என்ன எழுதி வைத்தார்கள்?

2012 டிசம்பர் 18. செவ்வாய்க்கிழமை.

நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். அவசர சிகிச்சைப் பிரிவில் நைட் டூட்டி.

இரவு பத்தரை மணி இருக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மாவும் மாமாவும் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள்.

மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடப்பு. கை விரல்கள் மரத்துப்போய் உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன.

பல்ஸ் 130. ஆக்சிஜன் அளவு 100. ஈசிஜி நார்மல். சுகர் நார்மல்.

பயத்தில் வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். அதனால் ரத்தத்தின் அமிலத் தன்மை குறையும். ரத்தத்தில் தனியாக இருக்கும் கால்சியமும் குறையும். விரல்கள் இப்படி இழுத்துக்கொள்ளும். ஆபத்தில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடச் சொன்னாலே அரைமணி நேரத்தில் சரியாகிவிடும்.

சரியானது.

"என்னம்மா பயம்? எக்ஸாமா?" என்று கேட்டேன்.

"சார்... வெள்ளிக்கிழமை நெஜமாவே உலகம் அழிஞ்சிடுமா?"

நான் சிரித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். சத்தமாகவே சிரித்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய் படி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸ் பார்க்கப் போய்விட்டேன்.

பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர்தான் விடவில்லை. இருபது வருட சர்வீஸ் அவருக்கு.

"பாப்பா, காதுல கம்மல் எங்க?"

தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். ஜாமெட்ரி பாக்ஸை எதிர்வீட்டுத் தம்பிக்கு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கும் போகவில்லை. எல்லாரும் சாகறதைப் பார்க்கறதுக்கு முன்னாடி நாம போயிடலாமோனு தோணுது என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்.

தனக்குப் பிடித்த பொருட்களை ஒருவர் எடுத்துக் கொடுக்க ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று சைக்கியாட்ரி போஸ்டிங்கில் படித்தவன்தான் நான். படித்ததைக் கோட்டை விட்டேன். சிஸ்டர் பிடித்துவிட்டார்.

அன்று இரவே அட்மிட் செய்தோம். காலையில் மனநல மருத்துவர் வந்து பார்த்தார்.

விடியற்காலை ட்ரிப் மாற்றப் போனபோது அவள் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டாள்.

"அந்த மாயன்னா யாரு சார்? அவங்க ஏன் அப்படி எழுதி வெச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் பல வருடம் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் "மயன்" என்றொரு தச்சன் புராணங்களில் வருவார். "மாயன்" என்றால் திருமால். உடனே "நம்ம மயன்தான் அங்கே போய் மாயன் ஆனார்" என்று ஒரு ஃபார்வர்டு வரும். இல்லீங்க. யுகட்டான் தீபகற்பத்தில் மாயபான் என்று ஒரு நகரம் இருந்தது. அந்தப் பெயரை ஒட்டி வந்த சொல்தான் மாயா. அந்த மக்களில் பெரும்பாலோர் தங்களை கிச்சே, கக்சிகேல், இக்சில், த்செல்தால் என்று அவரவர் மொழிப் பெயரால்தான் அழைத்துக்கொள்கிறார்கள். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

அழைத்துக்கொள்"கிறார்கள்" என்று எழுதியதைக் கவனிச்சீங்களா? மாயன்கள் மறைந்துபோனவர்கள் இல்லை. குவாதமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பெலீஸிலும் பல லட்சம் பேர் இன்றைக்கும் மாயன் மொழிகளைப் பேசுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சரி. காலண்டருக்கு வருவோம்.

மாயன்களிடம் ஒரு காலண்டர் இல்லை. குறைந்தது மூன்று, ஒன்றோடொன்று பல்சக்கரம் போல் கோர்த்து ஓடும்.

ஒன்று 365 நாள். 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் ஒட்டிக்கொண்ட 5 நாட்கள். அந்த ஐந்து நாளும் ஆகாத நாட்கள். சூரியனை வைத்து விவசாயம் செய்யும் எவருக்கும் புரியும் கணக்கு.

இரண்டாவது 260 நாள். 1 முதல் 13 வரை எண்கள், 20 நாள் பெயர்கள். 13ஐ 20ஆல் பெருக்கினால் 260.

ஏன் 260? வானத்தில் எந்தக் கோளும் நேராக 260 நாளில் சுற்றுவதில்லை. ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். குவாதமாலா மலைப்பகுதியில் இன்றும் இந்த நாட்களை எண்ணி வரும் "நாள் காப்போர்" சிலரிடமும் மருத்துவச்சிகளிடமும் கேட்டால் அவர்கள் சொல்வது வேறு. ஒரு பெண் கர்ப்பம் தரித்திருக்கும் காலம்தான் அது.

இதைப் படித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. ஏன்னா தினமும் காலை ஏ.என்.சி ஓ.பி-யில் நான் போடும் கணக்கு இது.

கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணினால் பிரசவத்துக்கு 280 நாள். கரு உண்டான நாளில் இருந்து எண்ணினால் 266. "நாள் தள்ளிப்போச்சு" என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும் நாளில் இருந்து எண்ணினால் சுமார் 252. ஸ்கேன் இல்லாத காலத்தில், ஒரு மருத்துவச்சி ஆயிரம் பிரசவம் பார்த்து ஒரு எண்ணுக்கு வந்தால், இந்த இரண்டுக்கும் நடுவில்தானே வரும்? 13ம் 20ம் அவர்களுக்கு முக்கியமான எண்கள், அதனால் 260 வந்தது என்போரும் உண்டு. இருக்கட்டும். எனக்குப் பிடித்தது மருத்துவச்சியின் விளக்கம்தான்.

இந்த 260ம் அந்த 365ம் ஒரே நாளில் தொடங்கி ஓடினால், மறுபடி அதே ஜோடி சேர 18,980 நாள் ஆகும். கிட்டத்தட்ட 52 வருடம். நம் பிரபவ, விபவ கணக்கு 60 வருடத்தில் திரும்பி வருகிற மாதிரி.

நம் அறுபது வருடக் கணக்கில் என்ன சிக்கல்? தாத்தா காலத்து ஓலையில் "விரோதி வருஷம் தை மாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த விரோதி என்று தெரியாது. மாயன்களுக்கும் அதே சிக்கல் வந்தது. ராஜா கல்வெட்டு வெட்டுகிறார். 52 வருடத்துக்கு மேல் போனால் குழப்பம்.

அதற்குத்தான் மூன்றாவது. இங்கிலீஷில் லாங் கவுண்ட் என்பார்கள். நாம் நீள்கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு தொடக்க நாளில் இருந்து இதுவரை மொத்தம் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்ற ஒற்றை எண். அவ்வளவுதான் விஷயம்.

நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவர்கள் இருபது இருபதாக. புள்ளி வைத்தால் 1, கோடு போட்டால் 5, சிப்பி வரைந்தால் சுழியம். ஆமாம், சுழியம் அவர்களிடமும் இருந்தது.

ஒரு நாள் கின். 20 கின் சேர்ந்தால் ஒரு வினால். 18 வினால் ஒரு தூன், அதாவது 360 நாள். 20 தூன் ஒரு காதூன், 7,200 நாள். 20 காதூன் ஒரு பாக்தூன், 1,44,000 நாள். அதாவது ஏறத்தாழ 394 வருடம்.

தொடக்க நாள், நம் இன்றைய காலண்டரில் சொன்னால், கி.மு. 3114 ஆகஸ்ட் 11.

அங்கிருந்து 13 பாக்தூன் எண்ணுங்கள். 18,72,000 நாள். 5,125 வருடம் சொச்சம். எந்த நாளில் போய் நிற்கும்?

2012 டிசம்பர் 21.

இதுதாங்க மொத்த வம்பும்.

(கலியுகம் தொடங்கியதாக நம் பஞ்சாங்கம் சொல்வது கி.மு. 3102. இரண்டுக்கும் 12 வருடம்தான் வித்தியாசம். இதை வைத்தும் 2012ல் நிறைய வீடியோ வந்தது. இரண்டுமே பிற்காலத்தவர் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்ட தொடக்க நாட்கள். அருகருகே விழுந்தது தவிர வேறு தொடர்பு கிடையாது.)

மாயன்களின் நம்பிக்கைப்படி இப்போதைய உலகம் தொடங்கிய நாள் அந்த கி.மு. 3114. அதற்கு முந்தைய சுற்று 13 பாக்தூனில் முடிந்தது. சரி, முந்தைய சுற்று 13ல் முடிந்தது என்றால் இந்தச் சுற்றும் 13ல் முடிய வேண்டும்தானே, முடிந்தால் அழிவுதானே என்பது பிறகு வந்தவர்கள் போட்ட முடிச்சு.

மாயன்கள் போட்ட முடிச்சா?

மெக்சிகோவில் பலேங்கே என்று ஒரு பழைய நகரம். பாகால் என்ற அரசர் கி.பி. 615ல் பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து 683 வரை ஆண்டார். அவருடைய சமாதிக்கு மேல் எழுந்த கோயிலின் கல்வெட்டு ஒரு சுவாரசியமான கணக்கைச் சொல்கிறது. பாகால் முடிசூடிய நாள், அந்த 52 வருடச் சுற்று 80 தடவை சுற்றி முடித்து மறுபடி வரும். அது எப்போது என்றால், இருபது பாக்தூன் நிறைவடைந்த எட்டாம் நாள்.

நம் கணக்கில் கி.பி. 4772 அக்டோபர்.

தன் ராஜா பதவியேற்ற நாளை 4772ல் நினைவுகூர வேண்டும் என்று கல்லில் வெட்டியவர்கள், 2012ல் உலகம் காலி என்று நினைத்திருப்பார்களா? அவர்கள் கணக்கில் 13க்கு அடுத்து 14. அப்புறம் 15. இருபது ஆனதும் அடுத்த இலக்கம்.

அப்பாவோட பழைய டிவிஎஸ் 50ல் ஓடோமீட்டர் பார்த்திருக்கிறீர்களா? 9999ல் இருந்து எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் உருளும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே பெட்ரோல் டாங்கில் உட்கார்ந்து போவோம். உருண்டதும் வண்டி வெடிக்கவில்லை. டீ குடிக்கத்தான் போனோம்.

கோபா என்ற இடத்தில் உள்ள கல்தூண் இன்னும் ஒரு படி மேலே. பாக்தூனுக்கு மேல் பத்தொன்பது இலக்கங்கள் அடுக்கி, எல்லாவற்றிலும் 13 என்று போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இலக்கமும் முந்தையதைப் போல் இருபது மடங்கு. இந்தப் பிரபஞ்சத்தின் வயது அதற்குள் ஒரு துளி. இவ்வளவு பெரிய காலத்தை மனதில் வைத்திருந்த கூட்டத்தின் தலையில் 5,125 வருடத்தைக் கட்டிவிட்டோம்.

சரி, 2012 என்று அவர்கள் எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள். தெரிந்தவரை இரண்டே இடம்.

ஒன்று தோர்துகேரோ. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலம். 1960களில் அந்த மேட்டின் மேலேயே சிமென்ட் ஃபேக்டரி வந்து ஊரின் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சிய கல்வெட்டு ஒன்று, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 13ஆம் பாக்தூன் முடியும் நாளைக் குறிப்பிடுகிறது. அன்று போலோன் யோக்தே என்ற தெய்வம் வருவது பற்றிய வரி. சரியாக அந்த இடத்தில் கல் சிதைந்திருக்கிறது. தெய்வம் வருகிறது, சடங்கு நடக்கிறது என்பதற்கு மேல் அங்கே நெருப்பும் இல்லை, வெள்ளமும் இல்லை.

இரண்டாவது லா கொரோனா, குவாதமாலா. இது 2012லேயே அறிவிக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை. கதை இன்னும் வேடிக்கை.

கலக்முல் என்ற வல்லரசின் ராஜா, கி.பி. 695ல் எதிரி நாடான திக்காலிடம் படுதோல்வி அடைகிறார். செத்தே போயிருப்பார் என்றுதான் ஆய்வாளர்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த வருடம், 696ல், அவர் தன் கூட்டாளிகளின் ஊரான லா கொரோனாவுக்கு வருகை தந்ததைப் படிக்கட்டுக் கல் சொல்கிறது. அதில் தன்னைப் "பதின்மூன்று காதூன்களின் தலைவன்" என்று அழைத்துக்கொள்கிறார். 692ல் 13ஆம் காதூன் நிறைவுச் சடங்கை நடத்தியவர் அவர். அந்த 13ஐ எடுத்து, வரப்போகும் 13ஆம் பாக்தூனோடு, அதாவது 2012ஓடு, இணைத்துக்கொள்கிறார்.

புரியுதுங்களா? தேர்தலில் தோற்ற தலைவர் ஊர் ஊராகப் போய் "வரலாறு என் பக்கம்" என்று பேசுகிற மாதிரி. 2012 என்ற தேதியை அவர் எடுத்தது, காலம் நிலைத்து நிற்கும், நானும் நிற்பேன் என்று காட்ட.

அப்போ அழிவுக் கதை எங்கிருந்துதான் வந்தது?

இதற்கு 1562 வரை பின்னால் போகணும்.

யுகட்டானில் மானி என்ற ஊர். 1562 ஜூலை 12. தியேகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார், மாயன்களின் சிலைகளையும் புத்தகங்களையும் குவித்துத் தீ வைத்தார். அத்தி மரப் பட்டையில் செய்த தாளில், மடிப்பு மடிப்பாக, வண்ணத்தில் எழுதிய புத்தகங்கள். அதில் வானியல் இருந்திருக்கும். மருத்துவம் இருந்திருக்கும். விசாரணை என்ற பெயரில் மக்களைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். இறந்தவர்கள் உண்டு. இவர் வரம்பு மீறிவிட்டார் என்று ஸ்பெயினுக்கே அழைத்து விசாரித்தார்கள். விடுவித்து, பிஷப்பாகத் திருப்பி அனுப்பினார்கள்.

கொடுமை என்னவென்றால், மாயன் நாட்களின் பெயர்களையும் குறிகளையும் நமக்கு எழுதி வைத்ததும் இதே லாந்தாதான். எரித்தவர் குறிப்பை வைத்துத்தான் மிஞ்சியதைப் படிக்க வேண்டியிருந்தது.

மிஞ்சியது எத்தனை தெரியுமா? ஒரு நாகரிகத்தின் மொத்த நூலகத்தில் இன்று இருப்பது நான்கு புத்தகங்கள். நான்கே நான்கு.

அதில் ஒன்று ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகர நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நூலகராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான் 1880களில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நீள்கணக்கு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். பெரிய மூளை. ஆனால் அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். வானத்து முதலை ஒன்று வாயில் இருந்து தண்ணீரைக் கொட்டுகிறது. கீழே ஒரு கிழவித் தெய்வம் குடத்தைக் கவிழ்க்கிறது. பார்த்தவர் இது உலக அழிவு என்றார்.

மழைக்காலத் தொடக்கமாக இருக்கலாம். பழைய காலத்து வெள்ளக் கதையாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் 2012 என்ற தேதி இல்லை. ஆனால் "மாயன், அழிவு" என்ற இரண்டு சொல்லும் முதலில் கைகோத்தது இங்கேதான்.

1966. மைக்கேல் கோ, மதிப்புக்குரிய அமெரிக்க ஆய்வாளர், மாயன்கள் பற்றி எழுதிய நல்ல புத்தகத்தில், 13ஆம் பாக்தூன் முடிவில் பேரழிவு வரும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம் என்று போகிற போக்கில் எழுதினார். அவர் போட்ட தேதி 2011 டிசம்பர் 24. கணக்கில் பிசகு. பின்னர் வந்த பதிப்புகளில் திருத்தினார்.

பேராசிரியர் "இருக்கலாம்" என்று எழுதினால் அடுத்தவர் "இருக்கும்" என்பார். அதற்கடுத்தவர் "இருக்கிறது" என்பார். எங்கள் துறையிலும் இதேதான். ஆய்வுக் கட்டுரையில் "எலிகளில் ஓரளவு பலன் தெரிகிறது" என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும்போது "புற்றுநோய் மூன்றே நாளில் குணம்".

1987ல் ஹோசே ஆர்குவெயஸ் என்பவர் வந்தார். 2012ல் மனித குலம் புதிய நிலைக்கு உயரும் என்றார். இவர் சொன்னது அழிவு இல்லை, ஞானம். இன்னொரு பக்கம், நிபிரு என்ற கோள் பூமியில் மோதும் என்று ஒரு கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மோத வேண்டிய தேதி முதலில் 2003 மே. மோதவில்லை. உடனே அதைத் தூக்கி 2012ல் ஒட்டிவிட்டார்கள். மாயன்களுக்கும் நிபிருவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்புறம் 2009 நவம்பரில் ரோலண்ட் எமெரிக்கின் "2012" படம். படத்தை விடுங்க. படத்துக்கு விளம்பரம் என்று, நிஜ ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியே ஒரு போலி இணையதளம் தொடங்கினார்கள். அழிவுக்குப் பின் உயிர் வாழும் லாட்டரிக்குப் பெயர் பதியலாம் என்று. அது விளம்பரம் என்று புரியாத பிள்ளைகள் எத்தனை பேரோ.

நாசாவில் டேவிட் மோரிசன் என்ற விஞ்ஞானி பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் கேள்விகள் வந்தன. எழுதியவர்களில் பதினோரு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, சாகலாமா என்று யோசிக்கிறேன் என்று.

என் எமர்ஜென்சி வார்டில் நின்ற அதே குழந்தை. வேறு மொழி.

2012 மே மாதம் இப்சோஸ் நிறுவனம் 21 நாடுகளில் பதினாறாயிரம் பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. பத்தில் ஒருவர் மாயன் காலண்டர் உலக முடிவைக் குறிக்கலாம் என்றார்கள். பன்னிரண்டில் ஒருவருக்கு அதனால் பயமோ பதற்றமோ இருந்தது.

ரஷ்யாவில் அவசரகால அமைச்சரே வந்து டிசம்பரில் உலகம் அழியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிரான்ஸில் புகராச் என்ற இருநூறு பேர் வாழும் மலைக்கிராமம் மட்டும் தப்பிக்கும், மலைக்குள் இருந்து விண்கலம் வரும் என்று வதந்தி. மலை ஏற போலீஸ் தடை போட்டது. கடைசியில் அங்கே நம்பிக்கையாளர்களை விடப் பத்திரிகைக்காரர்கள்தான் அதிகம்.

சிரிக்கலாம். ஆனால் சீனாவில் டிசம்பர் 14 அன்று ஹெனான் மாகாணத்தில் ஒருவர் தொடக்கப்பள்ளிக்குள் கத்தியோடு புகுந்து 23 குழந்தைகளைக் காயப்படுத்தினார். உலக அழிவு வதந்தியால் மனம் பாதிக்கப்பட்டிருந்தார் என்று அரசு ஊடகமே சொன்னது.

நம் நாட்டிலும் நடந்தது. நான்கு வருடம் முன்பு, 2008 செப்டம்பரில், ஐரோப்பாவில் பெரிய துகள் மோதும் கருவியை இயக்கத் தொடங்கியபோது, பூமி கருந்துளைக்குள் போய்விடும் என்று சில டிவி சேனல்கள் நாள் முழுக்கக் காட்டின. மத்தியப் பிரதேசத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உயிரை விட்டாள். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள் என்று பெற்றோர் சொன்னார்கள்.

எனவே உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி எதையாவது கேட்டால், என்னை மாதிரி சிரிக்காதீங்க. "எங்க பார்த்த? என்ன போட்டிருந்தான்?" என்று கூட உட்கார்ந்து கேளுங்க. சாப்பாடு, தூக்கம் கெட்டிருந்தாலோ, பொருளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. 14416 டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

மாயன்களுக்கு உலகம் அழியவே இல்லையா?

அழிந்தது. அவர்கள் காலண்டரில் எழுதி வைக்காத தேதிகளில்.

கி.பி. 800ஐ ஒட்டித் தெற்கு நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. நீண்ட வறட்சி, ஓயாத போர். கல்லில் நீள்கணக்குத் தேதி கடைசியாக வெட்டப்பட்டது 909ல், தோனினாவில். அதோடு அந்த எண்ணிக்கை கல்வெட்டில் நின்றது.

அப்புறம் 1520-21. குவாதமாலா மலைகளில் கக்சிகேல் மக்களிடம் ஒரு கொள்ளைநோய் பாய்ந்தது. பெரும்பாலும் பெரியம்மை என்கிறார்கள். ஸ்பானியப் படை அங்கே கால் வைத்தது 1524ல். கவனிங்க, கிருமி மூன்று வருடம் முன்னாடியே வந்துவிட்டது. யாருக்கும் எதிர்ப்பு சக்தி கிடையாது. பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படுத்தால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. பெரியம்மையில் செத்தவர்களோடு, கவனிக்க ஆளில்லாமல் செத்தவர்களும் சேர்ந்துதான் ஊர்கள் காலியாகின. கக்சிகேல் மக்கள் தங்கள் சொந்த நாட்குறிப்பில் அதை எழுதி வைத்தார்கள். படை வந்தபோது அவர்களில் பலர் உயிரோடு இல்லை.

அப்புறம் நம் காலத்திலேயே. 1960 முதல் 1996 வரை குவாதமாலா உள்நாட்டுப் போர். இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயன்கள் என்று ஐ.நா. ஆதரவில் நடந்த விசாரணை 1999ல் சொன்னது. இதற்கு யாரும் ஹாலிவுட் படம் எடுத்து லாட்டரி நடத்தவில்லை.

இத்தனைக்கு நடுவிலும் அந்த 260 நாள் கணக்கை மலைக்கிராமத்து நாள் காப்போர் விடவில்லை. மிஷன்காரர்கள் தடுத்தார்கள். எண்ணினார்கள். ராணுவம் வந்தது. எண்ணினார்கள். இதனால் அறிவியலுக்கே ஒரு லாபம். நீள்கணக்குத் தேதியை நம் காலண்டரோடு பொருத்தும் சூத்திரத்தை முதலில் 1905ல் போட்டவர் ஜோசப் குட்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர். இளம் மார்க் ட்வைனுக்கு வேலை கொடுத்தவர் அவர். அந்தச் சூத்திரத்தை அப்புறம் வந்தவர்கள் ஓரிரு நாள் முன்பின் திருத்தினார்கள். எது சரி என்று உரசிப் பார்க்க ஒரு கட்டளைக்கல் வேண்டுமே? மலைக்கிராமத்தில் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார்கள். டிசம்பர் 21ஐக் கொடுக்கும் சூத்திரத்தோடு ஒரு நாள் பிசகாமல் பொருந்தியது.

2012 டிசம்பர் 21, மாயன் கணக்கில் 13.0.0.0.0. நாளின் பெயர் 4 அஹாவ்.

அன்று திக்கால் கோயிலில் சடங்கு நடந்தது. வந்த சுற்றுலாக் கூட்டம் தடையை மீறிப் படியேறி, அங்கிருந்த பழைய கோயில் ஒன்றைச் சேதப்படுத்திவிட்டதாக அங்கிருந்த அதிகாரி வருத்தப்பட்டார்.

அதே நாள் காலை மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், 1994ல் நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் எழுந்த சபதிஸ்தா இயக்கத்து மாயன்கள், பல்லாயிரம் பேர், முகத்தை மூடிக்கொண்டு ஐந்து ஊர்களில் ஊர்வலம் போனார்கள். கோஷம் இல்லை. மைக் இல்லை. ஒரு சொல் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று பலேங்கே. பாகால் சமாதி இருக்கும் அதே பலேங்கே.

மறுநாள் 13.0.0.0.1.

அடுத்த பாக்தூன் 2407 மார்ச் 26ல் முடியும்.

அந்தப் பெண் ஜனவரியில் அம்மாவோடு ரிவ்யூவுக்கு வந்தாள். சிஸ்டர்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். காதில் கம்மல் இருந்தது. தோழி திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். ஜாமெட்ரி பாக்ஸை எதிர்வீட்டுத் தம்பி தர மறுத்துவிட்டான்.

"அரையாண்டுல மேத்ஸ் எழுதல சார். ரிப்போர்ட் கார்டுல என்ன போடுவாங்க?" என்று கேட்டாள்.